வாக்கில்லாத மச்சானின் தேர்தல்

முப்பத்தொரு வருடம் நான் அரசியல் பேசியதில்லை. மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தேர்தல் பிரிவில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, தேர்தலுக்குத் தேர்தல் ஏதாவதொரு பள்ளிக்கூடத்தில் வாக்கெடுப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்து, அப்படியே ஓய்வு பெற்றவன் நான். தேநீர்க் கடையில் யாராவது கட்சிக் கதை தொடங்கினால் கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட என்னை, ஒரு மனிதரின் அரசியல் வாயை அடக்கித் தரச் சொல்லிக் கனடாவுக்குக் கூப்பிட்டிருந்தாள் என் தங்கை மலர்.

அந்த மனிதர் அவளுடைய கணவர் சோதிலிங்கம். பிறம்ரனில் வீடு. இருபது வருடத்துக்கு மேல் பெரிய லொறி ஓட்டி, கிழமைக்குக் கிழமை எல்லை தாண்டி அமெரிக்காவுக்குச் சாமான் கொண்டுபோனவர். லொறிக்குள் அவருக்குத் துணையாக இருந்தது அமெரிக்க வானொலி. அதிலே பழமைவாதக் கட்சிக்காரர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்களாம். கேட்டுக் கேட்டு அந்தப் பேச்சு அவருக்குள் ஊறிவிட்டது. முழங்கால் பழுதாகி வேலையை விட்ட பிறகு, ஒரு தமிழ் வானொலியில் வெள்ளிக்கிழமை தோறும் அரை மணி நேரம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் பேசுகிறார். அமெரிக்காவில் பழமைவாதக் கட்சிக்கு நிறம் சிவப்பு, எதிர்க்கட்சிக்கு நீலம்; சிவப்புக் கட்சிதான் அவருடைய கட்சி. அந்த நாட்டில் அவருக்கு வாக்கில்லை. கேட்கிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் இல்லை.

விமான நிலையத்தில் என்னைக் கட்டிப் பிடித்து, காரில் ஏற்றி, நான் இடுப்புப் பட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிட்டார்.

"மச்சான், இன்னும் மூண்டு கிழமை. மிச்சிகன் எங்கால சாயுதோ, அதுதான் முடிவு."

"மலர் எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன்.

"இருக்கிறா. மிச்சிகனைத்தான் விளங்கேலாம இருக்கு."

வீட்டில் இடியப்பமும் சொதியும் சூடை மீன் பொரியலும் இருந்தன. ஐப்பசிக் குளிரில் பல் அடித்துக்கொண்டு வந்தவனுக்கு அந்தச் சொதி தொண்டைக்குள் இறங்கியது பெரிய ஆறுதல். மச்சான் தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, யாரோ ஒரு வெள்ளைக்காரர் கத்துவதைப் பார்த்தபடி சாப்பிட்டார். மலர் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள்.

அவர்களுடைய ஒரே மகள் தாரணி மிச்சிகனில் இருக்கிறாள். டேனியல் என்ற அமெரிக்கரைக் கட்டியிருக்கிறாள். அவர் மாட்டு வைத்தியர். சுற்றிவரப் பண்ணைகள் உள்ள சின்ன ஊர். அவர்களுடைய பிள்ளை இனியாவுக்கு ஏழு மாதம். முதல் பல் முளைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிறம்ரனில் அதற்கான பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு செய்வதென்று எப்போதோ பேசி வைத்தது. ஆனால் போன மாதம் மச்சான் வானொலியில் ஒரு சொல் சொல்லிவிட்டார்.

"'என்ட சொந்த மகள்ட வீட்டிலயே ரெண்டு புள்ளடியும் நீலத்துக்குத்தான்' எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டார், அண்ணா," என்றாள் மலர்.

புள்ளடி என்பது வாக்குச்சீட்டில் நாங்கள் போடும் குறுக்குக் கோடு. அந்தப் பேச்சை யாரோ வெட்டித் தொலைபேசிகளில் அனுப்ப, அது மிச்சிகன் வரை போயிருக்கிறது. அந்த ஊரில் பெற்றோல் நிலையம் நடத்தும் தமிழர் ஒருவர் பகிடியாகச் சிவப்புக் கட்சிப் பண்ணைக்காரர் ஒருவரிடம் சொல்ல, பண்ணைக்காரர் பகிடியாக எடுக்கவில்லை. டேனியல் தன் வீட்டு முற்றத்தில் எந்தக் கட்சிப் பலகையும் நாட்டாத மனிதர். இப்போது மாடு வைத்திருக்கும் இரண்டு பேர் வேறு வைத்தியரைத் தேடிப் போய்விட்டார்கள். சொன்ன இடத்திலேயே அப்பா பிழையென்று சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கொண்டுவரமாட்டேன் என்று தாரணி சொல்லிவிட்டாள். இது திங்கட்கிழமை நிலவரம்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலிருந்து வீட்டில் வானொலி. பொறுக்கமுடியாமல், கொழுக்கட்டைச் சடங்குக்கு வெள்ளைத் துணி வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டேன். மலர் பஸ் இலக்கத்தைத் தாளில் எழுதித் தந்தாள். இலக்கம் சரி, திசைதான் பிழை. ஊரில் என்றால் நடத்துநர் முகத்தைப் பார்த்தே, ஐயா எங்கே போறீங்கள் என்று கேட்டிருப்பார். இங்கே யாரும் கேட்கவில்லை. கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்க, மிசிசாகாவில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் முன்னால் நான் மட்டும் இருந்தேன். சாரதி ஒரு பஞ்சாபிப் பெண். திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "அங்கிள், இறங்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் இதே பஸ் திரும்பிப் போகும். குளிராக இருந்தால் முன்னுக்கு வாருங்கள்."

திரும்பி வரும்போது எனக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். என் ஆங்கிலத்துக்கு எட்டிய வரையில் இது:

"என் தம்பி ஒகாயோவில் இருக்கிறான். இந்தத் தேர்தல் முடியும் வரைக்கும் வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசுவது என்று முடிவெடுத்திருக்கிறோம்."

"அது போதுமா?"

"இப்போதைக்கு அங்கே நல்ல மழை. சமாளிக்கிறோம்."

எங்கள் ஊரில் தேர்தல் வந்தால் மதிலெல்லாம் முகங்கள், மின்கம்பமெல்லாம் இலக்கங்கள், மூலைக்கு மூலை ஒலிபெருக்கி. இந்தத் தெருக்களில் ஒரு சுவரொட்டி இல்லை. தேர்தல் நடப்பது பக்கத்து நாட்டில்; அதன் சத்தம் இங்கே குசினிகளுக்குள் கேட்கிறது. துணி வாங்காமலே வீட்டுக்கு வந்து மலரிடம் பேச்சு வாங்கினேன்.

புதன்கிழமை தாரணியுடன் பேசினேன். மச்சான் முழங்கால் பயிற்சிக்குப் போயிருந்த நேரம். பின்னால் பிள்ளை ஏதோ பாத்திரத்தை நிலத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, அப்பா யாரை சப்போர்ட் பண்ணினாலும் எனக்குப் பிரச்சினை இல்ல," என்றாள். "அவர்ட ஷோவை நான் ஒவ்வொரு கிழமையும் கேக்கிறனான். எனக்குக் கோவம் வரும், ஆனா கேக்கிறனான். நான் யாருக்குப் போடப் போறன் எண்டு சாப்பாட்டு மேசையில அப்பாட்ட சொன்னது என்ட கதை. டேனியல்ட கதை எனக்கே தெரியாது, மாமா. நான் கேட்டதே இல்ல. அவர் அப்பிடித்தான். அப்பா எப்பிடி அதைச் சொல்லலாம்?"

கட்டின மனைவிக்கே தெரியாத வாக்கை மாமனார் வானொலியில் அறிவித்திருக்கிறார்! என் வேலைக் காலத்தில் இதைவிடப் பெரிய குற்றம் எங்களுக்குக் கிடையாது. வாக்குப்போடும் மேசையைச் சுற்றி ஒரு மட்டை மறைப்பு வைப்போம். அது கொஞ்சம் சரிந்து நின்றாலும் வரிசையை நிறுத்திவிட்டு அதை நேராக்குவேன். சக அலுவலர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வியாழக்கிழமை மதியம் மச்சானே தன் பழைய நிகழ்ச்சியொன்றைப் போட்டுக் காட்டினார். பேச்சைக் கேட்டு நான் தன் பக்கம் வந்துவிடுவேன் என்று நினைத்தார் போலும். உண்மையைச் சொல்கிறேன், நல்ல பேச்சு. கத்தல் இல்லை. ஒகாயோவில் ஒரு சின்ன ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு தொழிற்சாலையில் சாமான் இறக்கப் போகும்போதெல்லாம் ஒரு கிழவர் இவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுப்பாராம். அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். "அந்த மனிசனிட்டப் போய் உலகம் முன்னேறுதெண்டு சொல்லிப் பாருங்க" என்றது மச்சானின் குரல். பிறகு, அரசாங்கம் சிறிதாக இருக்கவேண்டும் என்றார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதில் தாய் தகப்பனுக்குச் சொல் இருக்கவேண்டும் என்றார். நாட்டுக்குள் வருகிறவர்கள் வரிசையில் வரவேண்டும் என்றார். தானும் வந்தேறியவன்தான் என்பதையும் மறைக்கவில்லை. அவர் சொன்னதில் பாதி எனக்குச் சரியாகப் பட்டது, பாதி படவில்லை. எந்தப் பாதி என்று இங்கே எழுதமாட்டேன். பழக்க தோஷம்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்தது. நான் இத்தனை வருடம் வாயை மூடி வைத்திருந்ததில், உள்ளே என்ன கருத்து இருந்தது என்பதே சில நேரம் மறந்துபோகிறது. இந்த மனிதர் வாக்கில்லாத நாட்டுக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்.

பிறகு அந்த 'ரெண்டு புள்ளடி' வந்தது. மச்சான் சட்டென்று நிறுத்தினார்.

"டேனியல் உங்களிட்ட சொன்னவரா?" என்று கேட்டேன்.

"தாரணி சொன்னவள்."

"தாரணி தன்ட வாக்கைச் சொன்னவள். டேனியல்ட?"

"அவன் வேற எதுக்குப் போடப் போறான், மச்சான்?"

"அப்ப நீங்க நினைச்சதைச் சொல்லியிருக்கிறீங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட வாயை எல்லாரும் சேர்ந்து பூட்டப் பாக்கிறீங்க. இந்தச் சனத்துக்கு மற்றப் பக்கத்தைச் சொல்ல ஆர் இருக்கு? நான் மன்னிப்புக் கேட்டா, சோதி மகளுக்காகக் கட்சி மாறிட்டான் எண்டுதான் கதைப்பாங்க."

"கட்சியைப் பற்றி ஆர் கேட்டது? அதை நீங்க நல்லாப் பேசுங்க."

மச்சான் கதையை மாற்றுகிறவர் போல, ஆனால் மாற்றாமல், வழக்கமான கேள்விக்கு வந்தார்.

"சரி, நீங்களும் இப்ப ஓய்வு. இப்பவாவது சொல்லுங்க. அப்பா ஆருக்குப் போட்டவர்?"

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஒரு தேர்தலில் என்னைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அது மச்சானுடைய ஊர். அவருடைய தகப்பனுக்கு அப்போது கண் முற்றாகத் தெரியாது. கண் தெரியாதவர்களுக்கு நிலையப் பொறுப்பாளர்தான் புள்ளடி போட்டுக் கொடுக்கவேண்டும். கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, என் காதுக்குள் சொன்னார். நான் போட்டேன். மடித்துக் கையில் கொடுத்து, பெட்டியின் வாயை அவர் கையால் தடவிக் காட்டினேன். அவரே உள்ளே தள்ளினார். அன்றிலிருந்து கனடாவிலிருந்து தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் மச்சான் இதைக் கேட்பார். நான் மலரிடம்கூடச் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை.

"சொல்லேலாது, மச்சான்," என்றேன்.

"நான் அவர்ட மகன். அவர் செத்தே எவ்வளவு காலம்!"

"உங்களுக்குச் சொல்லவேணுமெண்டு நினைச்சிருந்தா அவரே சொல்லியிருப்பார். வாக்குப் போட்ட பிறகு ஒரு வருசம் இருந்தவர். கிழமைக்கு ரெண்டு தரம் நீங்க அவரோட கதைச்சனீங்க."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பதில் என்று எனக்கே தெரிந்தது. மச்சான் எழுந்து பின்வளவுக்குப் போனார். மேப்பிள் இலைகளை வாரத் தொடங்கினார். வாரின இடத்தையே திரும்பத் திரும்ப வாரினார். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பனின் செத்த வீட்டுக்கு அவரால் வரமுடியவில்லை. அந்த ஒரு புள்ளடியையாவது தெரிந்துகொண்டால் தகப்பனோடு இன்னும் கொஞ்சம் கதைத்தது போல இருக்கும் என்று நினைத்திருப்பார். அதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.

உள்ளே வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"அவர் எனக்குச் சொல்ல விரும்பல்லையா, மச்சான்?"

"அது எனக்குத் தெரியாது. அவருக்குக் கண் தெரியாததால எனக்கு அந்த விசயம் தெரிஞ்சுது. அவ்வளவுதான். அதை எடுத்து நான் வேற ஆருக்கும் கொடுக்கேலாது."

அவர் வாரின இலைகளைக் கட்டுவதற்குப் பை இருக்கிறதா என்று மலரிடம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வானொலி நிலையத்துக்குப் போனோம். அது ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருக்கிறது. பிறம்ரனிலிருந்து நகரத்தின் மறுபக்கம். பெருந்தெருவில் கார்கள் அசையாமல் நின்றன. அந்த ஒன்றரை மணி நேரமும் மச்சான் வானொலியைத் திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கீழே தேநீர்க் கடையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுடச்சுடப் போட்டார்கள். நான் இரண்டாவதைக் கடிக்கும்போது ஒரு யாழ்ப்பாணத்து அம்மா மச்சானைக் கண்டுவிட்டு வந்தார். இராசமணி அன்ரி என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்தவர். நிகழ்ச்சியை ஒரு கிழமையும் விடாதவர்.

"அண்ணை, உங்களை நம்பித்தான் இஞ்ச கனடாத் தேர்தலிலை புள்ளடி போட்டனான். நீங்கள் வருசம் முழுக்கச் சிவப்பு, சிவப்பு எண்டு சொன்னியள். நானும் சிவப்புக்கே போட்டிட்டன்."

மச்சானின் கையில் ரோல்ஸ் அப்படியே நின்றது. "ஐயோ அன்ரி! அமெரிக்காவிலதான் எங்கட பக்கம் சிவப்பு. இஞ்ச எங்கட பக்கம் நீலம்!"

"உதை நீங்கள் வானொலியிலை சொல்லேல்லையே?"

"சொல்லல்ல," என்றார் மச்சான் மெதுவாக.

"சரி, போனது போகட்டும். நான் போட்ட பெடியனும் நல்ல பெடியன்தான். வீட்டுக்கு வந்து கும்பிட்டவன்." அன்ரி ஒரு பொதி ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மச்சானும் சிரித்தார். அந்த நாள் முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான்.

நிகழ்ச்சியின் முடிவில் மரண அறிவித்தல் வரும். அதற்காகவே பலர் வானொலியைத் திறந்து வைத்திருப்பார்கள்; அதனால் ஒரு நிமிடமும் பிந்தக்கூடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஒரு கதிரையில் இருந்தேன். மச்சான் ஒலிவாங்கிக்கு முன் இருந்ததும் வேறு ஆளாகிவிட்டார். வரி, எல்லை, பள்ளிக்கூடம், மிச்சிகன் என்று ஒன்றையும் விடவில்லை. வழக்கத்தைவிடப் பலமாகவே பேசினார். இருபது நிமிடம் போனது. இருபத்தைந்து போனது. இன்னும் இரண்டு நிமிடம் என்று அறிவிப்பாளர் இரண்டு விரலைக் காட்டினார்.

"நேயர்களே, கடைசியா ஒண்டு," என்றார் மச்சான். "போன மாதம் இதே இடத்தில இருந்து என்ட மகளும் மருமகனும் எப்பிடி வாக்குப் போடுவினம் எண்டு நான் சொன்னன். மகள் எனக்கு நம்பிச் சொன்னதை நான் உங்களுக்குச் சொன்னது பிழை. மருமகன் எனக்கு ஒண்டும் சொன்னதில்ல. அவர் எப்பிடிப் போடுவார் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியுமெண்டு சொன்னன். அவையளிட்ட மன்னிப்புக் கேக்கிறன். என்ட கருத்தில ஒரு மாற்றமும் இல்ல. அந்தப் புள்ளடி ரெண்டும் என்டது இல்ல."

மரண அறிவித்தல் இசை தொடங்கியது. வெளியே வருவதற்குள் ஒருவர் தொலைபேசியில் வந்துவிட்டார். சத்தம் எனக்கே கேட்டது: "அண்ணை, நீங்கள் நீலத்துக்குப் பயந்திட்டியள்!"

"ஓம் தம்பி, பயந்திட்டன்," என்றார் மச்சான். "நீலத்துக்கு இல்ல. மகளுக்கு."

சனிக்கிழமை தாரணியிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. கேட்பதற்கும் எங்களுக்குத் துணிவில்லை. மலர் மா அவித்து, பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லுப் பல்லாகக் குத்திக்கொண்டே இருந்தாள். சடங்கில் பிள்ளையின் தலையில் கொட்டுவதற்குச் சின்னச் சின்னதாக வேறு. பிள்ளை வருமோ வராதோ தெரியாமல் இப்படிப் பல்லுக் குத்துவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நானும் மச்சானும் அன்று வானிலையைப் பற்றிப் பேசினோம்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மிச்சிகன் இலக்கத்தகட்டோடு ஒரு கார் வாசலில் வந்து நின்றது. விடிய முன்னமே புறப்பட்டிருக்கிறார்கள். தாரணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே தாயிடம் போனாள், தகப்பனைப் பார்க்கவில்லை. டேனியல், நல்ல உயரமான மனிதர், மச்சானுக்கு முன்னால் வந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: "தாரணி எனக்கு முழு நிகழ்ச்சியையும் மொழிபெயர்த்தாள். பழையவற்றையும் கேட்டோம். நீங்கள் சொன்ன அந்த ஒகாயோக் கிழவர் இப்போது எப்படி இருக்கிறார்?"

தேர்தல் தொடங்கியதிலிருந்து மச்சான் அந்தக் கிழவரைப் பற்றி எத்தனை தடவை பேசியிருப்பார்! இப்போது, "தெரியாது. போய்ப் பார்த்து வரவேண்டும்," என்றார். டேனியல் அவருடைய தோளைத் தட்டினார். வந்த பசிக்கு இரண்டு கொழுக்கட்டை எடுத்துக்கொண்டார்.

இனியாவை வெள்ளைத் துணியில் இருத்தினோம். (துணியை மலரே வாங்கியிருந்தாள்.) தாரணிக்கு அண்ணன் தம்பி இல்லாததால், தாய்மாமன் செய்யவேண்டிய கொழுக்கட்டை கொட்டும் வேலை எனக்கு வந்தது. சின்னக் கொழுக்கட்டைகள் தலையில் விழ, பிள்ளை அழுவதா சிரிப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்து, சிரித்தது. ஒற்றைப் பல் தெரிந்தது. பிறகு தட்டத்தை முன்னால் வைத்தோம். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்பார்கள். புத்தகம், பேனா, சங்கிலி, ஒரு பிடி நெல் எல்லாம் இருந்தன. டேனியல் தன்னுடைய ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மச்சான் கொஞ்சம் தயங்கி, தன் சாவிக்கொத்திலிருந்து பழைய லொறித் திறப்பைக் கழற்றி வைத்தார்.

எல்லோரும் தலைக்கு மேல் தலை வைத்துக் குனிந்தோம். பிள்ளை ஒன்றைத் தொட்டு விட்டு, இன்னொன்றை இறுக்கிப் பிடித்தது. சிரிப்பும் கைதட்டலும் அடங்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து காணொளி அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. "அண்ணன், பிள்ளை என்னத்த எடுத்தது? எனக்குத் தெரியல்லையே!" என்று தொலைபேசிக்குள் மச்சானிடம் கத்தினாள்.

மச்சான் வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்து இனியாவின் கையை மூடினார்.

"அதை நான் சொல்லேலாது, தங்கச்சி. அவ வளர்ந்து தானே சொல்லட்டும்."

தாரணி தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிள்ளையைத் துணியோடு சேர்த்துத் தூக்கி அவருடைய மடியில் வைத்தாள். மச்சானின் வாயிலிருந்து அதற்குப் பிறகு வெகு நேரம் ஒரு சொல்லும் வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய அன்றே, பிள்ளை எதை எடுத்தது என்று மனைவி என்னைக் கேட்டாள். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நானும் சொல்லவில்லை.